தைத்து அனுப்பிய மூட்டை

சுவரில் ஒட்டியிருந்த சீட்டின் கடைசி வார்த்தையில் வைரக்கண்ணு மாட்டிக்கொண்டான்.

மேலே பெரிய எழுத்தில் ‘பேசாத மூட்டை’. அதை ஒரே மூச்சில் படித்துவிட்டான். கீழே, ‘ஓர் அப்பா, சுமை தூக்கும் தொழிலாளி, நன்னிலம் பக்கம்’. அதுவும் சரி. அதற்கும் கீழே, ‘பயன்படுத்திய பொருட்கள்: சாக்கு, நூல்,’ அப்புறம் ஒரு மௌ. அந்த எழுத்து அவனுக்குப் பழக்கமில்லை. எழுத்தறிவு வகுப்பில் அது வந்த வாரம் குறுவை அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் நெல் மலையாகக் குவிந்து கிடந்தது, அவன் வகுப்புப் பக்கமே போகவில்லை. அக்கம்பக்கத்து எழுத்துகளை வைத்துத் தடவித் தடவிப் பிடித்தான்.

மௌனம்.

“யாருக்கு மௌனம்?” என்றான். சுவரைப் பார்த்துத்தான் கேட்டான். காது இரண்டும் எரிந்தன.

தஞ்சாவூரில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கூடம் அது. அவன் தைத்த மூட்டையை ஒரு மூலையில் சுவரோடு சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். மேலேயிருந்து மஞ்சள் விளக்கு. சுற்றிலும் கல்யாண மண்டபத்தில் கட்டுகிற மாதிரி சிவப்புக் கயிறு. கயிற்றில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டை. இருபத்திரண்டு வருஷமாக முதுகில் ஏற்றி இறக்கிய சாக்கு, இன்றைக்கு அவனே தொடக்கூடாதாம்.

மூட்டை தைத்தபடியே இருந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

அடப்பாவிகளா, பிரிக்கவே இல்லையா?

வைரக்கண்ணு பொண்ணாகப் பிறந்தவன். பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கிற களத்தில் வளர்ந்தான். பத்தொன்பது வயதில் தாவணியைக் களத்திலேயே போட்டுவிட்டு, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன், அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பெயரை மாற்ற வேண்டிய வேலைகூட இல்லை. வைரக்கண்ணு என்று ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். நன்னிலம் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடு தூக்கினான். நாற்பது கிலோ மூட்டையை ஒரு எம்பில் முதுகுக்குக் கொண்டுவருகிறவனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

அங்கே களம் பெருக்க வந்தவள் ஆனந்தவல்லி. கட்டிய புருஷன் சிங்கப்பூர் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை, வானதி. “உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வரேன்” என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு வைரக்கண்ணு வீட்டுக்கு வந்தாள். வானதிக்குப் பேச்சு வந்தபோது முதலில் வந்த வார்த்தையே அப்பா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகவே கூப்பிட்டது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து வானதி அதே பள்ளிக்கூடம்தான். அப்பா பெயர் வைரக்கண்ணு என்று எழுதினார்கள், கைநாட்டு வைத்தான், முடிந்தது. ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு வந்த ஜூலையில் உதவித்தொகைக்கு அப்பா, அம்மா ஆதார் நகல் கேட்டார்கள். வைரக்கண்ணு கொடுத்தான். அதில் பாலினம் என்ற இடத்தில் பெண் என்று இருந்தது. அதை மாற்ற மாவட்ட ஆபீசுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறான். மூன்று தடவையும் லோடு போனதுதான் மிச்சம்.

எட்டாம் வகுப்பு டீச்சர் அந்த நகலைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

வானதியை மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் டயரியில் சிவப்பு மையில் எழுதுவார். எழுதி முடிக்கிறவரைக்கும் அவள் நிற்க வேண்டும். முதல் தடவை அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார், வைரக்கண்ணு போய் நின்றுவிட்டு வந்தான். அடுத்த தடவை வீட்டுக்கு வந்து வானதி படித்துச் சொன்னாள், “கையெழுத்து மட்டும் போடச் சொல்லியிருக்காங்கப்பா.” வைரக்கண்ணு போட்டான். ஆனால் அவள் குரல் சரியில்லை. மறுநாள் டயரியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், லாரி ஓட்டுகிற மீரா உசேனிடம் நீட்டினான். மீரா உசேன் படித்தார், மீசையைத் தடவினார், இன்னொரு தடவை படித்தார்.

“சொல்லுங்க பாய்.”

“வேணாம்பா.”

“சொல்லுங்கங்கறேன்.”

“வந்தவர் தந்தை அல்ல. தந்தையை அழைத்து வரவும். அப்படின்னு போட்டிருக்கு.” மீரா உசேன் டயரியை மூடினார். “பேனா கெடச்சா என்ன வேணா எழுதுவாங்க போல.”

பிள்ளை தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் படித்திருக்கிறது. அந்த வாரமே வைரக்கண்ணு எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயது. பக்கத்தில் கிழவிகள். விரலெல்லாம் சாக்கு உரசிக் காய்த்துப்போய் பென்சில் நிற்கவே மாட்டேன் என்றது. வகுப்புப் புத்தகத்தில் அம்மா, ஆடு, இலை. வீட்டில் அந்தச் சிவப்பு மை. அந்த டீச்சரின் கையெழுத்தில்தான் அவன் தமிழ் படித்தான் என்று சொல்ல வேண்டும். த எழுதும்போது அந்த அம்மாள் கீழே ஒரு வாலை இழுத்துவிடுவார், பாம்பு மாதிரி. அந்த வாலைக் கனவில்கூட அவனுக்குத் தெரியும்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அப்பாக்கள் ஒரு பக்கம், அம்மாக்கள் ஒரு பக்கம் நாற்காலி. அவன் அப்பாக்கள் பக்கம் உட்காரப் போனபோது டீச்சர் கையைக் காட்டினார். “நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.” நாற்பது பேர் பார்த்தார்கள். கொள்முதல் நிலையத்தில் அதிகாரி குத்தூசியை மூட்டையில் செருகி, ஒரு பிடி நெல்லை உருவி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, ஈரம் என்று மூட்டையையே தள்ளிவிடுவார். அந்தக் குத்தூசி அவன் விலாவிலேயே இறங்கியது. வைரக்கண்ணு இரண்டு பக்கமும் போகவில்லை. நடுவில் தரையில் உட்கார்ந்தான். கூட்டம் முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

அதற்கு மறுநாள் வகுப்புப் பையன்கள் வானதி பெஞ்சில் சாக்பீஸால் மீசை வரைந்து வைத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் அவளுக்குத் தனி இடம் போட்டார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், டயரியிலிருந்து டீச்சர் எழுதிய தாள்களை எல்லாம் கிழித்து அடுப்பில் போடப் போனாள். ஆனந்தவல்லி பாய்ந்து பிடுங்கினாள். ஒன்பது தாள்.

“இனிமே நான் போகல” என்றாள் வானதி. அவ்வளவுதான். முழு ஆண்டுப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. எட்டை முடிக்காமல் நின்றால் அந்தப் பிள்ளையும் களம் பெருக்க வர வேண்டியதுதான். வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஷமா வந்தது. நாகூர்ப் பொண்ணு, தஞ்சாவூரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறது. இந்த மாதிரிக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் என்னென்ன படுகின்றன என்று ஆராய்ச்சி. கேள்வித்தாள் கிடையாதாம். கலை வழியாகவாம்.

“நீங்க பட்டதை நீங்களே ஏதாவது செஞ்சு குடுங்கண்ணே. படம் வரையலாம், பொம்மை செய்யலாம், துணியில தைக்கலாம். எது உங்களுக்குக் கைவருதோ அது. வாத்தியாருங்களைக் கூட்டிவந்து காட்டப்போறோம்.”

“எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரும் வருவாங்களா?”

“கண்டிப்பா. லிஸ்ட்ல இருக்கு.”

“சரி, செய்யறேன்.”

அன்று சாயங்காலம் வானதியிடம் சொன்னான். “அந்த டீச்சர் எழுதினதை அந்த டீச்சர் முன்னாடியே வெச்சுப் படிக்க வெக்கிறேன். அப்புறம் போவியா?”

வானதி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவனுக்குக் கைவந்தது மூட்டைதான். நல்ல சாக்காகப் பொறுக்கினான். தூற்றிப் போட்ட கருக்காயும் பதருமாக அடைத்து வடிவம் கொண்டுவந்தான். நடுவில் ஒன்பது டயரித் தாளும், கூடவே அவன் எழுதிய தாள் ஒன்றும். அந்த ஒரு தாளை எழுத அவனுக்குப் பதினோரு நாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்து, வாயை மிஷினில் தைத்தான். தைக்காமல் ஒரு மூட்டை களத்தை விட்டு வெளியே போவதா? இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றை அவன் லாரியில் ஏற்றியதில்லை. தைத்தால்தான் அது மூட்டை. பிரிப்பது எடுத்துக்கொள்கிறவர்கள் வேலை. எந்த மில்லில், எந்தக் குடோனில் மூட்டையைப் பிரிக்காமல் வைத்து அழகு பார்ப்பார்கள்? சுளுவாகப் பிரிக்கட்டும் என்று இடது ஓரத்து நூலை ஒரு முழம் நீளமாகவே விட்டிருந்தான். மீரா உசேன் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்றைக்கு முந்நூறு மூட்டை லோடு பார்க்கப் போய்விட்டான்.

இதோ, சாய்த்து வைத்து மௌனம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

கூடத்தில் அறுபது எழுபது வாத்தியார்கள் இருந்தார்கள். கும்பகோணத்துத் தாய் ஒருத்தி மகனுக்காகப் பூவேலை செய்த சேலை ஒரு பக்கம் தொங்கியது. யாரோ பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவைக் காகிதத்தில் செய்திருந்தார்கள். மைக்கில் ஒரு பேராசிரியர். “அந்த மூட்டையைப் பாருங்கள். அது எதையும் சொல்ல மறுக்கிறது. அந்த மறுப்புதான் அதன் மொழி.” கைதட்டினார்கள்.

வைரக்கண்ணு பல்லைக் கடித்தான். எது மறுக்குது? நானா மறுக்கறேன்?

மூட்டைக்குப் பக்கத்தில் மேஜையில் ஒரு நோட்டு, பார்க்க வந்தவர்கள் கருத்து எழுத. பச்சைப் பட்டுச்சேலையில் ஒரு அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்து, மூட்டை தெரிகிற மாதிரித் தன்னை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பு டீச்சர். பக்கத்தில் தலைமையாசிரியை. டீச்சருக்கு வைரக்கண்ணுவை அடையாளம் தெரியவில்லை. தெரியாத மாதிரியும் இருந்திருக்கலாம்.

அவர் நகர்ந்ததும் அவன் நோட்டைப் பார்த்தான். மை நீலம். ஆனால் த-வுக்குக் கீழே அதே வால்.

‘மனதைத் தொட்டது. இந்தத் தந்தையின் வலி என் கண்களைக் கலங்க வைத்தது.’

இந்தத் தந்தையின். அதைப் படிக்க அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பழகிய கையெழுத்து.

கயிற்றைத் தாண்டினான்.

“அண்ணே, அண்ணே!” ஷமா ஓடிவந்தது. “என்ன பண்றீங்க? அது காட்சியில இருக்குண்ணே.”

“காட்சியா? ஏம்மா, உள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா?”

“உள்ளயா? அது மூடியிருக்கறதுதானேண்ணே அதோட...”

“மூட்டையை மூடாம அனுப்புவாங்களா? வாங்கினா பிரிக்கணும். இதுகூடவா தெரியாது? எத்தனை புஸ்தகம் படிச்ச?”

ஷமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பொண்ணின்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் கோபம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. போனில் கூப்பிட்டு, அண்ணே இதைப் பிரிக்கலாமா என்று.

வைரக்கண்ணு இடது ஓரத்து நூலைப் பல்லால் கடித்து முடிச்சை விடுவித்தான். எந்த நூலை இழுக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம், மூட்டையின் வாய் முழுசாகத் திறந்தது. அடியைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் கொட்டினான்.

மின்விசிறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பதர் எழும்பிக் கூடம் முழுக்கப் பறந்தது. பட்டுச்சேலைகளில், பவுடர் போட்ட கழுத்துகளில், சட்டைக் காலருக்குள். “ஐயோ! என்ன இது! யாருங்க இந்த ஆளு?” இருமல், தும்மல். பேராசிரியர் மைக்கை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

வைரக்கண்ணு பதரிலிருந்து கவரைப் பொறுக்கினான். நடந்து போய் மைக்கை எடுத்தான்.

“நான் வைரக்கண்ணு. மூட்டை என்னோடது. இது பேசும். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். உக்காருங்க.”

முதல் தாளை எடுத்தான். “ஜூ... லை... இருபத்திரண்டு. தந்... தையை... அழை... த்து... வரவும்.” நிமிர்ந்தான். “வந்தேன்.” இரண்டாம் தாள். “வந்... தவர்... தந்தை... அல்ல.”

அவசரத்தில் போகிற லாரி இல்லை அவன். ஒவ்வொரு எழுத்தாக இறக்கினான். மாணவி தன் கட்டுரையில் பொய் எழுதுகிறாள், வீட்டில் கண்டிக்கவும். என் அப்பா என்ற தலைப்பில் வானதி எழுதிய கட்டுரைக்கு அது. பெற்றோர் கூட்டத்திற்குத் தாய் மட்டும் வந்தால் போதும். மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பதால் மாணவிக்குத் தனி இருக்கை தரப்பட்டுள்ளது. ஆட்சேபிப்பதால் என்கிற வார்த்தைக்கு மட்டும் அரை நிமிஷம் ஆனது. கூடத்தில் சொறிகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

நான்காம் தாளிலேயே தலைமையாசிரியை எழுந்தார். “இருங்க, இருங்க. எங்களுக்குப் புரிஞ்சுது.”

“புரிஞ்சா உக்காருங்க டீச்சர். இன்னும் அஞ்சு இருக்கு.”

அவர் உட்கார்ந்தார்.

ஒன்பதாம் தாளில், குடும்பச் சூழல் சரியில்லை, மாணவியை நல்ல இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கலாம் என்று இருந்தது. அதைப் படிக்கும்போது வைரக்கண்ணுவுக்குக் குரல் உடையவில்லை. உடையும் என்றுதான் பயந்துகொண்டு வந்தான். ஆனால் நல்ல இல்லம் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து நின்று, அந்த இரண்டு வார்த்தையையும் இன்னொரு தடவை படித்தான்.

கடைசியாக அவன் எழுதிய தாள்.

“டீச்சருக்கு. அஞ்சு தடவை அப்பாவைக் கூப்பிட்டீங்க. அஞ்சு தடவையும் வந்தேன். லோடு விட்டுட்டு வந்தேன். அவளுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலை வெச்சுக்கிட்டு ஏழு நாள் நான்தான் உக்காந்திருந்தேன். சைக்கிள் பழக்கினது நான். இதுக்கு மேல எந்த அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரது? இப்படிக்கு வானதி அப்பா வைரக்கண்ணு.”

மைக்கை மேஜையில் வைத்தான். ணங் என்று ஒலித்தது. பின்வரிசையில் ஒரு வாத்தியார் கைதட்ட ஆரம்பித்தார்.

“தட்டாதீங்க” என்றான் வைரக்கண்ணு. “கூத்தா நடக்குது?”

எட்டாம் வகுப்பு டீச்சர் கழுத்தைச் சொறிந்துகொண்டே வாசல் பக்கம் நகர்ந்திருந்தார். அவன் நேராக அவரிடம் போனான். ஒன்பதாம் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை நீட்டினான்.

“எழுதுங்க டீச்சர்.”

“என்ன எழுதணும்? பாருங்க, நான் விதிமுறைப்படிதான்...”

“ஆதார்ல இருக்கறதைத்தான் பார்த்தீங்க. சரி. அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்களே, வந்தாரா இல்லையா? அதை எழுதுங்க.”

“தனியாப் பேசிக்கலாமே.”

“அவளை நிக்க வெச்சு எல்லார் முன்னாடியும்தானே எழுதினீங்க? இங்கயே எழுதுங்க.”

தலைமையாசிரியை பேனாவை எடுத்தார். “குடுங்க, நான் எழுதித் தரேன். ஸ்கூல் சார்பா.”

“நீங்க இல்லைங்க. இவங்க கையெழுத்துதான் எம்பொண்ணுக்குத் தெரியும். எனக்கும் இதுதான் தெரியும்.”

யாரும் நாற்காலி போடவில்லை. டீச்சர் சுவரில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதினார். அவருக்கு இருந்தது கோபமா வெட்கமா என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசையும் இல்லை. தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தான். ‘தந்தை வந்தார்.’

“பேரு?”

டீச்சர் அவனைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி எழுதினார். ‘தந்தை திரு. வைரக்கண்ணு வந்தார்.’

“திங்கக்கிழமை அனுப்பி வைங்க” என்றார் தலைமையாசிரியை. “பழைய இடத்துலயே உக்காரட்டும். நான் பார்த்துக்கறேன்.”

“நானும் பார்ப்பேன்” என்றான் வைரக்கண்ணு.

ஷமா அவன் பின்னாலேயே வந்தது. கண்ணில் தண்ணீர், தலைமுடியில் பதர். “அண்ணே, தப்பு என்னோடதுதான். கேட்டிருக்கணும். இதை அப்படியே பதிவு பண்ணி...”

“இதுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டிராதம்மா” என்றான். காலிச் சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வாசலில் பியூன் தரையைக் காட்டிப் புலம்பினார். “இதையெல்லாம் யாரு கூட்டுறது?” வேறு நாளாக இருந்தால் வைரக்கண்ணுவே விளக்குமாற்றை வாங்கியிருப்பான்.

“டீச்சருங்க எழுபது பேரு இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

திருவாரூர் போய் பஸ் மாறி வீடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உடம்பெல்லாம் பதர்ச் சுணை, ஒரே அரிப்பு. அவனுக்கு அது பழக்கம்தான். பழக்கமில்லாத கழுத்துகளுக்கு இரண்டு நாளைக்குப் போகாது, எத்தனை சோப்புப் போட்டாலும். அதை நினைத்தபோதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

வானதி வாசலில் நின்று தாளை வாங்கினாள். படித்தாள். பின்பக்கம் திருப்பி, பழைய சிவப்பு மையையும் பார்த்தாள். ஆனந்தவல்லி கதவருகே வந்து நின்றாள்.

“டீச்சரே எழுதினாங்களா?”

“அவங்களேதான்.”

“உக்காந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?”

“நின்னுக்கிட்டு.”

“எல்லாரும் பார்த்தாங்களா?”

“எல்லாரும்தான்.”

வானதி தாளை நான்காக மடித்தாள். அப்பாவின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு பதரைத் தட்டிவிட்டாள். அப்புறம் ஒன்றரை மாதமாகப் பெட்டியில் கிடந்த யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், வாளியில் ஊற வைத்தாள்.